நாங்கள் அனுப்பாத இடத்துக்கு எங்கள் கணினி போகாது
பள்ளிப்பட்டுக் கொள்கைப் பிரகடனம்

பள்ளிப்பட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வசிக்கும் நாங்கள், விசைத்தறி ஓட்டுகிறவர்கள், மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், இ-சேவை மையத்தில் உட்காருகிறவர்கள், டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறவர்கள், பேரப்பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கப் போராடும் பாட்டிமார்கள், எல்லோரும் கூடிப் பேசி அறிவிப்பது இது. எங்கள் வீட்டுக் கணினியும் போனும் இனி நாங்கள் அனுப்பிய இடத்துக்கு மட்டும் போகும்.

விளம்பரம் நம்மைத் தேடி வருகிறது என்று நினைக்கிறோம். சுவரொட்டி அப்படித்தான் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் அப்படித்தான் வந்தது. இணையத்தில் நடப்பது நேர்மாறு. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தவுடன் அந்தப் பக்கம் நம் கணினியிடம் ஒரு சீட்டைக் கொடுக்கிறது: படத்தை இங்கே போய் எடு, எழுத்துருவை அங்கே போய் எடு, இன்னும் இத்தனை பேரிடம் போய்த் தலையைக் காட்டு. நம் கணினி, நம் கரண்டில், நம் ரீசார்ஜில், ஒவ்வொரு இடமாகப் போய்வருகிறது. விளம்பரத்தை வீட்டுக்குள் தூக்கிவருவது நம் கணினியேதான்.

நாட்டுச்சர்க்கரை வாங்கிவர அனுப்பிய பையன் வழியில் இருக்கும் கடைகளிலெல்லாம் ஏறி, நான் இன்னார் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டில் இன்றைக்கு இது வாங்குகிறார்கள், அப்பாவுக்குச் சர்க்கரை நோயோ என்று நேற்று ராத்திரி பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, கை நிறைய நோட்டீசோடு திரும்பினால் அவனை என்ன செய்வோம்? அந்தக் கடைகளுக்குப் போகாதே என்போம். இந்த இயக்கத்தின் கொள்கை அதற்கு மேல் எதுவும் இல்லை. மீதி எல்லாம் விளக்கம்.

விளக்கம் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடைகள் நோட்டீஸ் கொடுப்பதோடு நிற்பதில்லை. பக்கம் முழுதாகத் திறப்பதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், நம்மை ஏலம் விடுகிறார்கள். எந்த ஊர், என்ன போன், என்ன பக்கம் படிக்கிறோம் என்ற விவரம் ஏலத்தில் நிற்கும் கம்பெனிகளுக்கெல்லாம் போகிறது. ஏலம் எடுப்பவர் ஒருவர்; விவரத்தைப் பார்ப்பவர் அத்தனை பேரும். 1996-ல் நியூயார்க்கில் தொடங்கிய டபுள்கிளிக் என்ற கம்பெனி, பல தளங்களுக்கான விளம்பரங்களைத் தன் சர்வர்களிலிருந்தே அனுப்பும் தொழிலைப் பெரிதாக வளர்த்தது. ஒரே ஆள் ஆயிரம் கடை வாசலில் நின்றால் யார் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? 2007-ல் அந்தக் கம்பெனியை 310 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. நோட்டீஸ் அச்சடிக்கும் தொழிலுக்கு யாரும் அந்த விலை கொடுப்பதில்லை.

எங்கள் ஊருக்கு இதில் தனியாக ஒரு பாடும் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் கொடுத்த தீர்ப்பு, நாடாளுமன்றம் இயற்றிய எல்லைச் சட்டம் என்று அத்தனையும் தாண்டி முடிவான எல்லை அது. டவருக்கு அது தெரியாது. வீட்டின் முன்கட்டில் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும் போன் பின்கட்டில் ஆந்திர டவரைப் பிடிக்கும். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் சொந்த வீட்டுக் கொல்லையில் நின்று பேசியதற்குக் காசு போன கதை இங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இப்போது ரோமிங் போய்விட்டது, விளம்பரம் வந்துவிட்டது. ஒரு நாள் சென்னை நகைக்கடை, மறுநாள் திருப்பதி நகைக்கடை. எங்களை எந்த மாநிலத்துக் கணக்கில் விற்பது என்று ஏலக்காரர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தெலுங்கு எங்களுக்கு அயல்மொழி அல்ல. பாதி வீடுகளில் அடுப்படிப் பேச்சே அதுதான். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு எந்த மொழியில் வரும் விளம்பரமும் புரிந்துதொலைக்கிறது என்பதுதான் எங்கள் பாடு. இந்தப் பிரகடனத்தைத் தெலுங்கிலும் எழுதி நகரிக்கும் புத்தூருக்கும் அனுப்புவோம்.

மழைக்காலத்தில் இது வெறும் எரிச்சலாக இருப்பதில்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே கொசஸ்தலை ஆறு பெருகும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா, பஸ் வருமா, பிள்ளைகள் அக்கரையிலேயே தங்கட்டுமா என்று தெரியவேண்டிய நேரம். சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று தள்ளாடும். அந்த நேரத்தில் செய்திப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வந்து உட்காருவது கிரெடிட் கார்டு விளம்பரம். அணைச் செய்தி அதற்குக் கீழே சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று எண்ணிக் கொடுக்கும் டேட்டாவில் நாங்கள் கேட்காத வீடியோவும் அடக்கம். அதற்கும் காசு கொடுப்பது நாங்கள்.

ஊருக்கு வெளியே எங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். டிராபிக் ராமசாமி கட்அவுட்டையும் பேனரையும் தன் கையாலேயே கிழித்தார். கேலி செய்தார்கள், அடித்தார்கள், அவர் நிறுத்தவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் மேல் கல்யாண பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்த பிறகுதான் ராமசாமி சொன்னது ஊர் உலகத்துக்கு உறைத்தது. தெருவில் நிற்கும் பேனருக்கு அனுமதி எண் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கிறது. போனுக்குள் நிற்கும் பேனரிடம் அனுமதி எண் கேட்பார் யாரும் இல்லை.

இன்னொரு முன்னோர் பெங்களூருக்காரர். 2015 ஜூனில் தேஜேஷ் ஜி.என். என்ற நிரலாளர், தன் சொந்தத் தளத்தை ஏர்டெல் 3ஜி வழியாகத் திறந்தபோது தான் எழுதாத சில வரிகள் பக்கத்துக்குள் நுழைந்திருப்பதைக் கண்டு அதை வெளியே போட்டார். அந்த நிரலுக்குச் சொந்தக்காரரான இஸ்ரேல் நாட்டு ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. திருடனைக் காட்டிக்கொடுத்தவன் மேல் வழக்கு என்று நாடே சிரித்தது. டேட்டா உபயோகத்தைக் கணக்கிடுவதற்காக வைத்தது என்று ஏர்டெல் விளக்கம் கொடுத்தது. எதற்காக வைத்திருந்தாலும், நாம் எழுதிய கடிதத்தின் நடுவில் தபால்காரர் இரண்டு வரி சேர்க்கக்கூடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். சட்டங்கள் உண்டு, நல்ல சட்டங்களும் உண்டு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் கூடாது என்கிறது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டது; செய்திபோல வேஷம் போட்டுவரும் விளம்பரமும் அதில் ஒன்று. ஆனால் ரம்மி கதையைப் பாருங்கள். இணையச் சூதாட்டத் தடைக்குத் தமிழ்நாடு 2021-ல் போட்ட சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் பேரவை புதுச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று நீதிமன்றம் அவற்றை விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்துச் சட்டம் போட்டது. இத்தனை ஆண்டும் தறிக்கொட்டகையில் ஷிப்ட் முடித்து உட்கார்ந்த பையனின் போனில் ரம்மி விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் வரும்வரை கதவைத் திறந்துவைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்கிறோம்.

கதவு எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இதில்தான் எங்களில் பலருக்கு ஆச்சரியம்.

இணையத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. மனிதர்களுக்காக ஒரு பெயரும் உண்டு. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். அது வருவதற்கு முன் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதுக் கணினியை இணைப்பவர்கள் அங்கே தெரிவித்துப் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். வலை பெருத்துக் கோப்பு தாங்காமல் போனபோது, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைத்தார்.

பழைய கோப்பு செத்துவிடவில்லை. அதன் வாரிசு இன்றைக்கும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்று பின்னொட்டில்லாத ஒரு சின்னக் கோப்பு. நோட்பேடிலேயே திறக்கலாம், நிர்வாகி அனுமதியோடு திறக்கவேண்டும், இல்லாவிட்டால் சேமிக்க விடாது. கணினி எந்தப் பெயரைத் தேடினாலும் வெளியே போய்க் கேட்பதற்கு முன் இந்தக் கோப்பைத்தான் பார்க்கும். நீங்கள் எழுதிவைத்ததே முதல் பேச்சு. விளம்பரக் கம்பெனி ஒன்றின் பெயருக்கு முன்னால் 0.0.0.0 என்று எழுதிவிட்டால், அந்தப் பெயருக்கு எண் கிடையாது, போக இடம் கிடையாது. கணினி போகாது. பணம் கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை, இன்ஸ்டால் செய்ய ஒன்றும் இல்லை. உலகத்துப் பெயரேட்டுக்கு முன்னால் வீட்டுப் பெயரேடு என்ற இந்த வரிசையை யாரோ நல்லவர்கள் அப்போதே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்குப் புதிதாகக் கணினியை வடிவமைத்தால் இதை விட்டுவைப்பார்களா என்பது சந்தேகம்.

ஒவ்வொரு பெயராக நாமே தேடி எழுதினால் ஆயுசு போதாது. ஸ்டீவன் பிளாக் என்பவரும் அவருக்கு முன்னும் பின்னும் பலரும் இப்படிப்பட்ட பெயர்களைத் திரட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலே எங்களுக்கு அடித்தளம். அதோடு, இந்தப் பக்கத்தில் சுற்றும் மோசடித் தளங்களின் பெயர்களை எங்கள் இ-சேவை மையத்துக்காரர்கள் சேர்ப்பார்கள். திருமலை தரிசன டிக்கெட் என்று போலித் தளங்கள் ஏமாற்றுவதைத் தேவஸ்தானமே பலமுறை எச்சரித்திருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கம் தேடுகிறவர்களுக்கும் அதே கதிதான்: தேடினால் முதலில் வருவது விளம்பரம், அரசுத் தளம் அதற்குக் கீழே. இது எங்கள் கற்பனை அச்சமல்ல. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., தேடுபொறி விளம்பரங்களை வாங்கி மோசடிக்காரர்கள் உண்மைத் தளம்போல வேஷம் போடுவதால், விளம்பரத் தடுப்பைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே சொன்னது.

செல்போனில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொட விடமாட்டார்கள். அங்கே வேறு வழி. ஆண்ட்ராய்டு 9-லிருந்து நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. விளம்பரப் பெயர்களுக்குப் பதில் சொல்லாத டிஎன்எஸ் ஒன்றின் பெயரை அங்கே எழுதினால் போதும். வைஃபையிலும் சரி, சிம் டேட்டாவிலும் சரி, அதுவே பேசும். வீடு முழுவதற்கும் வேண்டுமென்றால் ரவுட்டரில் மாற்றலாம். கம்பெனி கொடுத்த சில ரவுட்டர்களில் அந்த இடத்தைப் பூட்டிவைத்திருப்பார்கள். அப்போது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்றவேண்டியதுதான். சில பிரவுசர்கள் நம்மைக் கேட்காமல் தங்கள் சொந்த டிஎன்எஸ்-இடம் போய்விடும். அவற்றின் செட்டிங்ஸிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே எங்களுக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து வந்த லேப்டாப்கள் இங்கே பரண்மேலும் பீரோ மேலும் தூங்குகின்றன. பாட்டரி செத்திருக்கும், கீபோர்டில் சில எழுத்து போயிருக்கும். பரவாயில்லை. அதில் லினக்ஸ் ஏற்றி, ஜேக்கப் சால்மெலா 2014-ல் தொடங்கிய பை-ஹோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், அந்த லேப்டாப் வீட்டின் பெயரேட்டுக் காவலாகிவிடும். டிவி, போன், பிள்ளையின் டேப்லெட் எல்லாம் அதைக் கேட்டுத்தான் வெளியே போகும். ஒரு சங்கடத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம்: அந்த லேப்டாப் நின்றால் வீட்டில் எந்தப் பெயருக்கும் பதில் கிடைக்காது. சீரியல் நேரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே இரண்டாவதாக ஒன்றைக் காத்திருப்பில் வைக்காமல் எந்த வீட்டிலும் நாங்கள் இதை நிறுவமாட்டோம்.

யூடியூப் விளம்பரம் போகுமா என்பதே எல்லோரும் முதலில் கேட்பது. போகாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே பெயரிலிருந்து வருகின்றன. பெயரை அடைத்தால் இரண்டும் நின்றுவிடும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. போகும் என்று யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சில நேரம் தேவையான பக்கமும் திறக்காது. அப்போது எந்தப் பெயரை விடுவிக்கலாம் என்று பார்த்து விடுவித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது, குரல் உயர்ந்ததும் இங்கேதான்.

பெயரை அடைக்கும் ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2012-ல் ‘3’, ‘தம்மு’ படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இணைய சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே இந்தியாவுக்கு மூடின. படத்தோடு சம்பந்தமில்லாத எத்தனையோ பேரின் வேலையும் அதோடு மூடியது. அந்த ஜூனில், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்கலாம், தளத்தையே அல்ல என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தவேண்டி வந்தது. மேலிருந்து ஒருவர் ஊருக்கெல்லாம் அடைப்பதும், என் வீட்டில் நான் அடைப்பதும் தொழில்நுட்பத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. முன்னதில் எனக்குத் தெரியாமல் நடக்கிறது, திறக்க எனக்கு வழியில்லை. பின்னதில் பட்டியல் என் கண்முன்னால் இருக்கிறது, ஒரு வரியை அழித்தால் திறந்துவிடும். ஆகவே எங்கள் பட்டியலில் விளம்பரம், உளவு, மோசடி ஆகியவற்றுக்கான பெயர்கள் மட்டும் இருக்கும். பிடிக்காத கட்சியின் தளம், பிடிக்காத சாமியாரின் தளம், வேறு சாதிச் சங்கத்தின் தளம் எதையும் சேர்க்கமாட்டோம். கூட்டத்தில் ஒரு பெரியவர் ஆபாசத் தளங்களையும் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஐயா, உங்கள் வீட்டு லேப்டாப்பில் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பட்டியலில் வேண்டாம் என்று முடிவானது. அவருக்கு இன்னும் வருத்தம்தான். ஒன்றை நுழைத்தால் அடுத்ததை நுழைக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது எங்கள் பயம்.

இதைவிடக் கூர்மையான பேச்சு ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. வீட்டுக்குப் பொதுவாக ஒரு லேப்டாப் பெயரேட்டைக் காத்தால், யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று அதில் பதிவாகுமே. கம்பெனி பார்ப்பதை நிறுத்திவிட்டு மாமனார் பார்ப்பதைத் தொடங்குவதா என்று கேட்டார். யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதே இப்போது எங்கள் முதல் விதி. நாங்கள் நிறுவும் எந்தக் கருவியிலும் தேடல் பதிவு அணைத்தே இருக்கும். மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது. புருஷன் கேட்டாலும், அப்பா கேட்டாலும், விடுதி வார்டன் கேட்டாலும் போட்டுத் தரமாட்டோம். கேட்கிறவர் இயக்கத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. வெளி டிஎன்எஸ் கம்பெனியை நம்பும்போதும் இதே சந்தேகம் பொருந்தும்: விளம்பரக்காரரிடமிருந்து தப்பி நம் எல்லாத் தேடலையும் இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். அதனால்தான் பரண்மேல் இருக்கும் லேப்டாப்பை நாங்கள் முன்னே வைக்கிறோம்.

காசைப் பற்றியும் சொல்லவேண்டும். விளம்பரத் தடுப்புத் தொழிலிலேயே ஒரு வழுக்கல் உண்டு. ஆட்பிளாக் பிளஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளை நடத்தும் ஜெர்மன் கம்பெனி, ஏற்றுக்கொள்ளத்தக்க விளம்பரங்கள் என்று ஒரு திட்டம் வைத்துப் பெரிய கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கி அவர்களின் விளம்பரத்தை உள்ளே விடுகிறது. அவர்கள்மேல் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பத்திரிகைக் குழுமம் போட்ட வழக்கில், விளம்பரத்தைத் தடுப்பது தவறல்ல என்று 2018 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பில் எங்களுக்கு மகிழ்ச்சி, திட்டத்தில் இல்லை. அடைப்பதற்கும் திறப்பதற்கும் காசு வாங்கினால் அது சுங்கச்சாவடி. எங்கள் பட்டியலில் ஒரு பெயரை நீக்க யாரிடமும் ஒரு ரூபாயும் வாங்கமாட்டோம். திருத்தணி நகைக்கடை முதல் சென்னை ஜவுளிக்கடை வரை யாருடைய ஸ்பான்சரும் வேண்டாம். ஆடிக்கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பிளெக்ஸ் வைத்துத் தருகிறேன் என்ற அன்பர் மன்னிக்கவும்.

விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் பத்திரிகைகள் என்ன ஆகும்? நியாயமான கேள்வி. எங்கள் வழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயரை அடைப்பது மூன்றாம் ஆளை மட்டும் நிறுத்துகிறது. ஒரு தமிழ்த் தளம் உள்ளூர் ஓட்டல்காரரிடம் விளம்பரம் வாங்கி, அந்தப் படத்தைத் தன் சொந்தப் பக்கத்திலேயே போட்டால், அச்சுப் பத்திரிகையில் போடுவதைப்போல, அது தடைபடாமல் எங்கள் திரைக்கு வரும். நாங்கள் பார்ப்போம், சாப்பிடவும் போவோம். அந்தப் படம் எங்களை உளவு பார்ப்பதில்லை, ஏலம் விடுவதில்லை. நின்றுபோவது ஏலக்கடைகளின் வரவு மட்டும். அதில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு சொற்பம் என்பதை எழுதுகிறவர்களிடமே கேட்டுப்பாருங்கள். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது சந்தாவையும் தோளில் சுமந்த புத்தகப் பையையும் நம்பித்தான் பத்தாண்டுக்கு மேல் நடத்தினார். அவர் பட்ட கஷ்டத்தை இன்றைக்கு யாரும் படவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. யூபிஐ வந்த காலம் இது. இயக்கத்தில் சேரும் ஒவ்வொரு வீடும் விளம்பரத்தை அடைப்பதோடு, தாங்கள் விரும்பிப் படிக்கும் ஏதாவது ஒரு தமிழ் அல்லது தெலுங்குப் பத்திரிகைக்கோ தளத்துக்கோ காசு கட்டிச் சந்தாதாரராக வேண்டும். அடைப்பேன், சந்தா கட்டமாட்டேன் என்பவருக்கு லேப்டாப்பை நாங்கள் தட்டிக்கொட்டித் தருவோம், ஆனால் உறுப்பினர் என்று சொல்லமாட்டோம்.

பள்ளிக்கூடங்களுக்கும் நூலகத்துக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதுவோம். பொதுக் காசில் வாங்கிய கணினி எந்த விளம்பரக் கம்பெனிக்கும் தகவல் கொண்டுபோகக்கூடாது என்பது எங்கள் கோரிக்கை. குழந்தைகள் உட்காரும் கணினிகளுக்கு அந்த 9-ஆவது பிரிவே போதும், தனியாக வாதாட வேண்டியதில்லை.

இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அதற்கு ஒரு லோகோ, லோகோவுக்கு ஒரு பேனர் என்று போகும். தலைவரும் இல்லை. பட்டியலைப் பராமரிக்க நான்கு பேர் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை ஊர்களில் யாராவது தனியாகத் தொடங்கினால் எங்களிடம் அனுமதி கேட்கவேண்டாம். பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், திருத்தம் இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் நேரத்தில் உங்கள் லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் வாருங்கள். சேரக் கட்டணம் இல்லை. விலக விரும்புகிறவர் யாருக்கும் கடிதம் எழுதவேண்டாம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் நாங்கள் சேர்த்த வரிகளை அழித்துச் சேமித்தால் விலகிவிட்டீர்கள்.